பினோட்டாஜ் ரசிகர்கள் யாராச்சும் இருக்கீங்களா? மட்டன் கறிக்கு ஒத்து வருமா?

டர்பன்_நெல்லைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் கூட வேலை பாக்கறவர் வீட்டு பிராய்ல (இங்க கறி சுட்டுத் திங்கற விருந்து) பினோட்டாஜ்னு ஒரு ரெட் வைன் ஊத்திக் குடுத்தாரு. வாயில வச்சதும் எனக்கு ஊர்ல பொறுக்கித் தின்ன நாவல்பழம் ஞாபகம் வந்துருச்சு, அதே துவர்ப்பு, பின்னாடி லேசா அடுப்புப் புகை வாசம், சத்தியமா அசந்துட்டேன். ஆனா பக்கத்துல இருந்தவரு அதெல்லாம் பெயின்ட் நாத்தம் அடிக்கற சரக்கு, கேபர்னேன்னு வேற ரெட் வைன் இருக்கு, அதை வாங்குங்கன்னுட்டாரு. அது நிஜமா? சனிக்கிழமை மச்சான் குடும்பம் வருது, மட்டன் கறி செய்யறோம், அதோட வைக்கலாமா?

ஸ்டெலன்போஷ்_அக்கா
தம்பி, அவரு சொல்றத விடுங்க. நான் இங்க வைன் செய்யற ஒரு செல்லர்ல வேலை பாக்கறேன், இந்தத் திராட்சை மேல எனக்கு ரொம்பப் பிரியம், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

இது இந்த மண்ணுலயே பொறந்தது. 1925ல ஸ்டெலன்போஷ் யூனிவர்சிட்டி பேராசிரியர் பெரோல்ட், பினோ நுவார், சின்சோன்னு ரெண்டு திராட்சை ரகத்தைக் கலப்பு பண்ணாரு. சின்சோவுக்கு அப்ப இங்க ஹெர்மிடேஜ்னு பேரு, அந்த ரெண்டு ரகத்தோட பேரையும் ஒட்டித்தான் பினோட்டாஜ். பினோ நுவார் ருசியானது ஆனா வளர்க்கறது கஷ்டம், சின்சோ வெயில் தாங்கும், நல்லா காய்க்கும். கிடைச்சது மொத்தம் நாலே நாலு விதை, அதைத் தன் வீட்டுத் தோட்டத்துல போட்டாரு. அப்புறம் அவரு வேற வேலைக்குப் போயிட்டாரு, தோட்டம் புதர் மண்டிப்போச்சு, சுத்தம் பண்ண ஆளுங்க வந்த நேரத்துல நீஹாஸ்னு ஒரு இளம் விரிவுரையாளர் அந்தப் பக்கம் சைக்கிள்ல வந்து கன்னுகளைக் காப்பாத்தினாருன்னு சொல்வாங்க. அதை எல்சன்பர்க் விவசாயக் கல்லூரில ஒட்டுக்கட்டி வளர்த்தாங்க, முதல் வைன் 1941ல. அன்னிக்கு களையோட களையாப் பிடுங்கிப் போட்டிருந்தா நீங்க சொன்ன நாவல்பழ ருசியே உலகத்துல இல்ல.

பெயின்ட் வாசனைப் பேச்சு சும்மா வந்ததில்ல, ஒரு காலத்துல நெறைய பேர் சூடு அதிகமா நொதிக்க விட்டு கெடுத்தாங்க. இப்ப கவனமா செய்யறாங்க. எங்க வேலையிடத்துல நொதிக்கறப்ப தோலெல்லாம் மேல மிதந்து தடியா ஏடு கட்டும், அதை ராத்திரி பகல்னு பாக்காம கட்டையால கீழ அமுக்கிட்டே இருப்போம், தோள்பட்டை கழண்டுரும், ஆனா அந்த ஊதா நுரைலேருந்து கிளம்பற வாசம் இருக்கே, அதுக்காகவே வருஷா வருஷம் பிப்ரவரி அறுவடைக்குக் காத்திருப்பேன். பழைய கொடிங்க பலது கம்பி கட்டாம குட்டையா புதர் மாதிரி நிக்கும், பறிக்கறவங்க நாள் முழுக்கக் குனிஞ்சேதான்.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா
தம்பி, மட்டன் கறிக்கு இதான் சரி. ஆனா நம்ம டர்பன் பக்கத்து நேட்டால் கறி காரம் ஜாஸ்தி, துவர்ப்பும் மரப்பீப்பாய் வாசமும் தூக்கலா இருக்கற பாட்டில் வாங்கினா காரம் இன்னும் ஏறி நாக்கு எரியும். பழ ருசி முன்னாடி நிக்கற இளசா பாத்து வாங்குங்க. ரெட் வைனை ரூம் சூட்டுல குடிக்கணும்பாங்க, டர்பன் வெயிலுக்கு அது ஆகாது, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுங்க. கறில உருளைக்கிழங்கு, தைம், கறிவேப்பிலை போட்டு நல்லா சுண்ட விடுங்க. 1961ல லான்செராக்ங்கற கம்பெனி பாட்டில்லதான் முதல்முதலா பினோட்டாஜ்னு லேபிள் போட்டு வந்துச்சு, 1959ஆம் வருஷத்து வைன், எனக்கு அப்ப பத்து வயசு.

ஜோபர்க்_வாசி
காபி வாசம் வர்ற பினோட்டாஜும் இருக்கு ப்ரோ, எனக்கு அதான் இஷ்டம்.

ஸ்டெலன்போஷ்_அக்கா
அது பெரும்பாலும் வறுத்த ஓக் மரம் குடுக்கற வாசம்ங்க. குடிங்க, தப்பில்ல, ஆனா முதல்ல திராட்சையோட சொந்த ருசியைப் பழகிட்டு அப்புறம் அங்க போங்கன்னுதான் சொல்வேன். அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை பினோட்டாஜ் தினம், அன்னிக்காவது ஒண்ணு தொறங்க.

டர்பன்_நெல்லைக்காரன்
அக்கா, தாத்தா, ரொம்ப நன்றி. தாத்தா சொன்ன மாதிரி குளிர வச்சுத்தான் குடுத்தேன், மச்சான் கறிச்சட்டிய வழிச்சுட்டு அந்த நாலு விதை கதைய ரெண்டு தடவை சொல்ல வச்சாரு. கால் பாட்டில் மிச்சம் இருக்கு, நாளைக்கு வரைக்கும் தாங்குமா?

ஸ்டெலன்போஷ்_அக்கா
ரெண்டு நாள் தாங்கும் தம்பி. மூடிய இறுக்கிப் போட்டு ஃப்ரிட்ஜ்லயே வைங்க.