குரோமிஸ் மீன் விலாவில் சிவந்த புண்: துருசா, பார்மலினா?

கொளச்சல்_அலை:
80 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அடர்த்தி 1.024, வெப்பம் 28 டிகிரி. புதுசா விட்ட நாலு பச்சைக் குரோமிஸ்ல ஒண்ணுக்கு விலாவில செதில் எழும்பி, சுண்டுவிரல் நகத்தளவு ரத்தச் சிவப்பு. வெள்ளைப்புள்ளி இல்ல. இரை எடுக்குது, மூச்சு மட்டும் வேகம். உயிர்ப்பாறையும் (நுண்ணுயிர் குடியிருக்குற கடல்கல்) ரெண்டு இறாலும் உள்ள தொட்டி. என்ன மருந்து விடலாம்?

தக்கலை_நீரகம்:
மூச்சு வேகம்னா முதல்ல வெல்வெட்டைத்தான் (ஒட்டுண்ணி நோய்) நினைக்கணும். செவுளை அடைச்சு ரெண்டு மூணு நாளில கொல்லும். மீனை 40 லிட்டர் தனித்தொட்டிக்கு மாத்தித் துருசு (காப்பர் சல்பேட்) கரைச்சுச் செம்பு விடுங்க. இறால் உள்ள தொட்டியில செம்பு கூடவே கூடாது. ரப்பருக்கு அடிக்குற துருசு வேண்டாம், ஆய்வகத் தரத்தில உள்ளது வாங்கணும். 1 கிராமை 1 லிட்டர் வாலை வடிநீரில கரைச்சா ஒவ்வொரு மில்லியிலும் 0.25 மி.கி. செம்பு. மொத்தம் 32 மில்லி விட்டா லிட்டருக்கு 0.2 மி.கி. ஆகும். ரெண்டு நாளில நாலு தவணையா ஏத்துங்க. கடல்நீரில செம்பு படிஞ்சு குறையும், காலையும் மாலையும் சோதிக்கணும்.

முட்டம்_பார்:
கணக்கு சரி, நோய் தப்பு. வெல்வெட் உடம்பு முழுக்கப் பொன்தூசி மாதிரி படியும். விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா தெரியும். ஒரே இடத்தில, விளிம்பில ரத்தம் கசியுற புண் அதோட அடையாளம் இல்ல. குரோமிஸ்ல இப்படி வந்தா யூரோனீமாங்கிற ஒற்றைச் செல் உயிரி. அது மீனை நம்பி வாழுற உயிரி இல்ல. பாக்டீரியாவையும் அழுகலையும் தின்னே பெருகும். செதிலுக்கு அடியில புகுந்து தசைக்குள்ள போயிடும், செம்பு அங்கே எட்டாது. உப்பைக் குறைச்சு அடர்த்தியை 1.009க்கு இறக்கினாலும் தாங்கிக்கும்.

பார்மலின் குளியல்தான். 37 சதவீதம் பார்மால்டிஹைடு உள்ளது, 10 லிட்டர் கடல்நீருக்கு 1.5 மில்லி, 45 நிமிஷம். பார்மலின் ஆக்சிஜனைக் குறைக்கும், அதனால காற்றுக்கல் நிக்கவே கூடாது. மீன் சாஞ்சா அந்த நொடியே எடுங்க. அடியில வெள்ளையா மண்டி தேங்கின புட்டியைத் தொடாதீங்க, அது மீனுக்குக் கடும் விஷம். கையுறை, திறந்த இடம் கட்டாயம். செம்போட சேர்க்கவே கூடாது. உள்ளே புகுந்ததுக்கு மெட்ரோநிடசோல் 250 மி.கி. மாத்திரையைப் பொடிச்சு 25 கிராம் இரையில பிசைஞ்சு 10 நாள். இரை எடுக்குற இப்பமே தொடங்கணும்.

தேங்காப்பட்டணம்_பொழி:
ரெண்டு பேரும் பார்க்காமலே முடிவு சொல்லுறீங்க அண்ணாச்சி. நாலுல ஒண்ணுக்குத்தான் புண். வலையில உரசின இடத்தில விப்ரியோ பாக்டீரியா ஏறினாலும் இதே சிவப்புதான். அழுகின சதையைத் தேடி யூரோனீமா பின்னால வரும். விப்ரியோ புண்ணுன்னா பார்மலின் ஏற்கெனவே கெட்ட தோலை இன்னும் எரிக்கும். கடையில கிட்டுற எரித்ரோமைசினும் உதவாது, விப்ரியோ கிராம் நெகட்டிவ் வகை, அதில அந்த மருந்து சரியா ஏறாது. ஆக்ஸிடெட்ராசைக்ளினை வெள்ளத்தில கலக்கினா கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் பிடிச்சு வச்சுக்கும். இரையில போகணும்: மீன் எடையில கிலோவுக்கு 75 மி.கி., 10 நாள்.

முட்டம்_பார்:
அது நியாயம், சுரண்டிப் பார்த்துடலாம். புண்ணோட நடுவில இல்ல, விளிம்பில. கவர்ஸ்லிப்பால தலைப்பக்கமிருந்து வாலுக்கு ஒரு மெல்லிய இழுப்பு, ஸ்லைடில ஒரு சொட்டுத் தொட்டி வெள்ளம். நல்ல வெள்ளம் (உப்பில்லாத தண்ணி) விட்டா உயிரி வெடிச்சுப்போகும். பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் போதும், 100 மடங்கில பாருங்க. முட்டை வடிவத்தில சரசரன்னு ஓடுறது நிறைஞ்சு கிடந்தா யூரோனீமா. உயிரோட உள்ள மீனில எடுக்கணும். செத்து நேரமானதில எடுத்தா பிணம் தின்ன வந்ததைக் காரணம்னு நினைச்சுடுவோம். ஒண்ணும் ஓடலைன்னா நீங்க சொன்ன விப்ரியோ. ஓடினா, எது முதல்ல வந்ததுன்னு பேச நேரமில்ல, தசையைத் தின்னுறது அதுதான்.

தக்கலை_நீரகம்:
டார்ச்சில தூசி தெரியலைன்னா செம்பை விட்டுடுறேன். கடல்வெள்ளம் எங்க எடுத்தது?

கொளச்சல்_அலை:
கரையில குடத்தில எடுத்து, துணியில வடிகட்டினது.

தேங்காப்பட்டணம்_பொழி:
துணி யூரோனீமாவையும் தடுக்காது, விப்ரியோவையும் தடுக்காது. மழைக்காலத்தில பொழி (ஆத்து முகத்து மணல்திட்டு) முறிஞ்ச பக்கம் எடுத்தா ஆத்து அழுக்கும் சேர்ந்து வரும், உப்பும் குறையும். இனி 100 லிட்டருக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 3.5 கிராம், 24 மணி நேரம் காற்று. குளோரின் மிச்சமிருந்தா சோடியம் தயோசல்பேட் கொஞ்சங்கொஞ்சமா, 7 கிராமுக்குள்ள. சோதனையில குளோரின் பூஜ்யம் வந்த பிறகுதான் மீனை விடணும்.