பியானோ இல்லாத ரோலின்ஸை எப்படிக் கேட்பது?

கேள்வி:
ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் 'எ நைட் அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' நேரடிப் பதிவைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். சாக்ஸபோன், டபுள் பாஸ் (ஆழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்திக் கருவி), டிரம்ஸ், அவ்வளவுதான். மெட்டு முடிந்து, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் கற்பனை தொடங்கியதும் பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே பிடிபடவில்லை. பியானோ இல்லாததாலா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:
அதுதான் காரணம். பியானோக்காரர் இருந்தால் அடியில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை, போட்டுக்கொண்டே வருவார், நமக்கு வழி தெரிந்துகொண்டே இருக்கும். இங்கே அந்தப் பொறுப்பு பாஸ் வாசிக்கும் வில்பர் வேரிடம் வந்துவிடுகிறது. அவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

'சன்னிமூன் ஃபார் டூ'வில் தொடங்குங்கள். 12 பார் ப்ளூஸ், அதாவது 12 தாள அளவுகளில் முடிந்து திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. மேலிருந்து இறங்கிவரும் ஒரு சின்ன வரி, அதையே மூன்று முறை வாசித்தால் மெட்டு முடிந்தது. ரோலின்ஸ் எங்கே போனாலும் அந்த வரியை நீங்கள் வாய்க்குள் முணுமுணுத்தபடியே இருங்கள். அவர் அதன் ஒரு துண்டை எடுத்து நீட்டுவதும், பாதியில் நிறுத்துவதும், வேறு பக்கம் திருப்புவதும் தானாகவே காதில் விழும். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதனால்தான். எவ்வளவு தூரம் போனாலும் மெட்டை மறப்பதில்லை.

'ஸ்ட்ரைவர்ஸ் ரோ'வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'கன்ஃபர்மேஷன்' கார்டு வரிசையில் அமைந்தது அது. பார்க்கரைக் கேட்டுவிட்டு வந்தால் சுலபம்.

இன்னொருவர்:
டிரம்ஸை விட்டுவிட்டீர்களே! பதிவு நடந்தது 1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் ஒரு குழு, இரவில் ஒரு குழு. பிற்பகலுக்கு டொனால்ட் பெய்லி பாஸ், பீட் லா ரோகா டிரம்ஸ். இரவுக்கு பாஸில் வில்பர் வேரும் டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸும். முதலில் வந்த எல்பி இசைத்தட்டின் ஆறு பாட்டுகளில் 'எ நைட் இன் டுனீசியா' மட்டுமே பிற்பகலுடையது. முழுப் பதிப்பில் அதே பாட்டு இரவுக் குழுவோடும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜோன்ஸ் வந்ததும் தாளம் எப்படித் தடித்துப் புரள்கிறது பாருங்கள்! பின்னணி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. சாக்ஸபோனுக்குச் சரிக்குச் சரி நிற்கும் இன்னொரு குரல் அது.

கேட்டவர்:
நன்றி. முணுமுணுத்துப் பார்த்தேன், 'சன்னிமூன்' பிடிபடுகிறது. 12 பார் முடிந்து மறுபடி முதலுக்கு வரும் இடம் இப்போது தெரிகிறது. இதே வழியில் அடுத்து எதைக் கேட்கலாம்?

முதலில் பதில் எழுதியவர்:
நியூயார்க்கின் அதே வில்லேஜ் வேன்கார்ட் நிலவறை கிளப்பில், 1961 நவம்பரில், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பதிவுசெய்த 'சேஸின் தி ட்ரேன்'. அங்கேயும் டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ்தான், பாஸ் ஜிம்மி கேரிசன். அதிலும் பியானோ கிடையாது, அதுவும் 12 பார் ப்ளூஸ்தான். ஆனால் சுமார் 16 நிமிடம் கோல்ட்ரேன் விடுவதேயில்லை. ரோலின்ஸ் மெட்டின் பக்கத்திலேயே நடமாடுகிறார். கோல்ட்ரேனோ அதை விட்டு வெகுதூரம் போய்விடுகிறார். 'சன்னிமூன்' கைவசமான பிறகு தொடுங்கள். அவசரப்பட வேண்டாம்.