புதுப்பிப்பு: விளக்கு எரிகிறது, மதகடிக் குழி அப்படியே இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் எமது ஒழுங்கையில் வீதி விளக்கு எரியாததையும் மதகடியில் தார் பெயர்ந்து குழி விழுந்திருப்பதையும் உள்ளூராட்சி சபைக்குக் குறுஞ்செய்தியில் அறிவித்ததாக முன்னர் எழுதியிருந்தேன். சந்தியிலிருந்து எத்தனையாவது கம்பம் என்று விவரித்த முதற் செய்திக்குப் பதிலே வராதிருக்க, கம்பத்தில் எழுதியிருந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு அனுப்பிய பின்னர் ஏணியுடன் ஆட்கள் வந்து, எறும்பு புகுந்திருந்த மூடியைக் கழற்றிக் குமிழை மாற்றிச் சென்றார்கள்.

குழியின் கதை வேறு. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. உள்ளூர் ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. எமது குழியோ ஒழுங்கை மாகாண வீதியில் ஏறும் இடத்திலேயே இருப்பதால், இரு தரப்பினரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். மாரியில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது என்பதால், சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளுக்காக யாரோ அதில் ஒரு பூவரசங் கொப்பை நட்டு வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு எமது வீதி அபிவிருத்தி அவ்வளவுதான்.

திணைக்களத்துக்கும் ஒளிப்படத்துடன் எழுதியிருக்கிறேன். பதில் வராவிட்டால், அந்த இடம் எவருடைய பொறுப்பில் உள்ளது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பேன். அச்சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.