நியூரோபதிக் பெயினுக்கு "நரம்பு வலி" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நேத்து அண்ணன் நம்ம மருத்துவச் சொல் பட்டியல்ல நியூரோபதிக் பெயினுக்கு, அதாவது நரம்பே கெட்டு வர்ற வலிக்கு, "நரம்பு வலி"ன்னு போட்டிருந்தாங்க, எனக்கு அது ஒத்து வரல. நம்ம ஊர்ல கழுத்து பிடிச்சாலும் நரம்பு வலி, கெண்டைக்கால் இழுத்தாலும் நரம்பு வலிதான். மருந்துக்கடைல நிக்கறவ நான், தினமும் கேக்கறேன். அடிபட்டாலோ மூட்டு வீங்கினாலோ அந்த இடத்துல புராஸ்டகிளாண்டின்ங்கற வேதிப்பொருள் உண்டாகி நரம்பு நுனியை சீண்டி விடுது, ஆஸ்பிரின் அது உண்டாகறதையே தடுக்குதுன்னு மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் 1971ல காட்டினார், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக்கும் அதே வழிதான். அங்க நரம்பு நல்லாத்தான் இருக்கு, சேதியை ஒழுங்கா கொண்டு போகுது. ஆனா சுகர்காரங்களுக்கு ராத்திரில உள்ளங்கால் எரியறது, அக்கி ஆறி மாசக்கணக்கா ஆன பிறகும் அதே இடம் சுரீர் சுரீர்ங்கறது, இதெல்லாம் நரம்பே பழுதாகி தானா சேதி அனுப்பறது. டைக்ளோஃபினாக் அங்க பெருசா கேக்காது, வயித்தைத்தான் புண்ணாக்கும். அதனாலதான் காபாபென்டின், அமிட்ரிப்டிலின் எழுதறாங்க. முதல்ல வலிப்புக்கு வந்த மருந்து ஒண்ணு, மனச்சோர்வுக்கு வந்தது இன்னொண்ணு, வீட்டுப் பிள்ளைங்க போன்ல தேடிப் பாத்துட்டு "எங்கம்மாவுக்கு வலிப்பெல்லாம் இல்லயே"ன்னு பாதில நிறுத்திடறாங்க, எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அதனால "நரம்புப் பழுது வலி"ன்னு வைக்கலாம். எது கெட்டதுன்னு பேர்லயே தெரியணும். அடி, வீக்கத்தால வர்ற முதல் வகைக்கு, அதாவது நோசிசெப்டிவ் வலிக்கு, "ஊறுணர் வலி". நரம்பியல் ஆய்வாளர் ஷெரிங்டன் அந்தச் சொல்லை உண்டாக்கினப்போ தீங்குன்னு பொருள்படற லத்தீன் வேரைத்தான் எடுத்தார், நம்ம ஊறுங்கற சொல்லுக்கு தீங்குன்னும் பொருள் இருக்கு, தொடுவுணர்வுன்னும் இருக்கு, இதைவிடப் பொருத்தமா கிடைக்குமா?

---

அக்கா,

ஊறுணர் நல்லாயிருக்கு, அதை மாத்த வேண்டாம். ஆனா எங்கட யாழ்ப்பாணப் பக்கம் தலை நோகுது, கால் நோகுது எண்டுதான் சொல்லுவம், "வலி வந்தது" எண்டால் வலிப்பு எண்டுதான் ஆக்கள் விளங்குவினம். நீங்க சொன்ன அந்த மருந்துக் குழப்பம் இஞ்ச பேராலயே இன்னும் கூடிப்போகும். "நரம்புப் பழுது நோவு" எண்டு பக்கத்தில ஒரு மாற்றுச்சொல்லா போடுங்கோ, ரெண்டு கரைக்கும் உதவும்.

மற்றது, 2017ல சேர்த்த மூண்டாவது நோவு வகை நோசிபிளாஸ்டிக், உடம்பெல்லாம் நோகிற ஃபைப்ரோமயால்ஜியா மாதிரி, காயமும் தெரியாது, நரம்புப் பழுதும் தெரியாது, ஆனா நோவு மெய்யாவே இருக்கு. இதுக்கு "காரணமில்லா நோவு" எண்டு மட்டும் ஒருத்தரும் எழுதிப்போடாதேங்கோ, "சும்மா சொல்லுறாள்" எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்ச சனம் அவை. "உணர்வுமிகை நோவு" எப்பிடி?