சேணத்துக்கு இருக்கைத் தோல்: அடியில் பஞ்சு வைக்கலாமா?

கேள்வி (உசிலம்பட்டி):
மரச்சட்டத்தில் குதிரைச் சேணம் கட்டுகிறேன். திண்டுக்கல்லில் வாங்கிய, மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், 4 மி.மீ. கனம். நெடுநேரம் உட்கார்ந்தாலும் நோகக்கூடாது. அடியில் பஞ்சு வைக்கலாமாண்ணே?

பதில் (மேலூர்):
வேண்டாம் தம்பி, பஞ்சு நாளடைவில் அமுங்கி மேடுபள்ளமாகிடும். சட்டத்துமேல தோல்துண்டுகளை அடுக்கி ஒட்டு. ஓரத்தைச் சீவிச் சீவித் தேய். கையால் தடவினால் எந்த இடத்திலும் தட்டக்கூடாது. உட்காரும் இடம் குழியணும். அந்தக் குழிக்கு முன்பக்கம், தொடை அணைகிற இடம் ஒடுங்கலா இருக்கணும், அகலமா விட்டா இடுப்பு விரிஞ்சு வலிக்கும். நான் அதிக நேரம் செலவழிப்பது அங்கேதான். பிறகு மேல்தோலை நனைத்து, உள்ளங்கையால் அழுத்திப் படியவைத்து, நிழலில் காயவிடு. நம்மூர் வெயிலில் வைத்தால் விறைத்துவிடும்.

கேள்வி (உசிலம்பட்டி):
மேலே குரோம் தோல் (குரோமிய உப்பில் பதனிட்டது) போட்டால்?

பதில் (மேலூர்):
மெத்துன்னு இருக்கும், ஆனா நனைத்துப் படியவைத்த வடிவம் நிக்காது. பட்டைத்தோலே போடு.

பதில் (அலங்காநல்லூர்):
தம்பி, ஒட்டுறதுக்கு முன்னாடி சட்டத்தைக் குதிரைமேல வச்சுப் பாருங்க. முதுகெலும்புமேல படவே கூடாது.