மறு: டிட்டர்மினிஸ்டிக் என்கிரிப்ஷன் – ‘ஒருவிளைவு மறையாக்கம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தளப் பாதுகாப்புச் சொற்பட்டியலில் டிட்டர்மினிஸ்டிக் என்கிரிப்ஷனுக்குத் ‘தீர்மான மறையாக்கம்’ என்றும், ரேண்டமைஸ்டு என்கிரிப்ஷனுக்குச் ‘சமவாய்ப்பு மறையாக்கம்’ என்றும் முன்மொழியப்பட்டிருக்கின்றன. சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் என்கிரிப்ஷனுக்கு ‘மறையாக்கம்’ என்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ‘குறியாக்கம்’ என்ற சொல்லை, எழுத்துகளுக்கு எண் தரும் என்கோடிங்குக்காக யூனிகோடுக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அடைமொழிகள் இரண்டும் படிப்பவரை எதிர்த்திசையில் இட்டுச்செல்லும் என்று அஞ்சுகிறேன். ‘தீர்மானம்’ என்றதும் ஓர் உறுதி தொனிக்கிறது. ‘சமவாய்ப்பு’ என்றதும் ஏதோ அதிர்ஷ்டத்துக்கு விட்டதுபோல் படுகிறது. உண்மையில் வலுவானது பின்னதுதான். முன்னது, தேடும் வசதிக்காகப் பாதுகாப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் 2016 பதிப்பில் வந்த ‘ஆல்வேஸ் என்கிரிப்டட்’ வசதியில், மறையாக்க வேண்டிய ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முன்னதில், அதாவது டிட்டர்மினிஸ்டிக் முறையில், ஒரே சாவியால் மறையாக்கிய ஒரே மதிப்பு எத்தனை முறை வந்தாலும் ஒரே மறையுரையாகவே (மறையாக்கத்தில் கிடைக்கும் உரு) மாறும். ஆகவே சாவி இல்லாத வழங்கியாலும் (சர்வர்) சமமா என்று ஒப்பிடவும், அட்டவணைகளை இணைக்கவும், தொகுக்கவும் முடியும். பின்னதில் ஒவ்வொரு முறையும் வேறு மறையுரை கிடைப்பதால் சாவி இல்லாத வழங்கியால் அந்த ஒப்பீடு இயலாது.

இங்கேதான் சொல்லின் தொனி முக்கியமாகிறது. ஒரு மருத்துவமனைத் தரவுத்தளத்தில் இரத்த வகை நெடுவரிசையை முன்னதால் மறையாக்கினால், எட்டே எட்டு மறையுரைகள் திரும்பத் திரும்ப வரும். எந்த வகை மக்களிடையே அதிகம், எது அரிது என்பது ஊரறிந்த விவரம் ஆதலால், வரிசைகளை எண்ணிப் பார்ப்பவர் சாவியைத் தொடாமலே பெரும்பாலானவற்றை ஊகித்துவிடுவார். ‘எச்ஐவி உண்டா, இல்லையா’ போன்ற நெடுவரிசையின் நிலையைச் சொல்லவே வேண்டாம். 2013இல் அடோபி மென்பொருள் நிறுவனத்திலிருந்து வெளியான கடவுச்சொற்கள் இதற்குச் சான்று: ஒரே கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே மறையுரை இருந்தது, பயனர்கள் எழுதிவைத்த நினைவூட்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தே பலவற்றைக் கண்டுபிடித்தார்கள். (கடவுச்சொல்லை மறையாக்கவே கூடாது, ‘உப்பு’ எனப்படும் தற்செயல் மதிப்பைச் சேர்த்து ஹாஷ் செய்ய வேண்டும், அதாவது மூலத்தைத் திரும்பப் பெற முடியாத சுருக்க மதிப்பாக மாற்ற வேண்டும் என்பது தனிக்கதை.) மாறாக, ஆதார் எண்ணைப் போல ஓர் அட்டவணைக்குள் திரும்ப வராத மதிப்புக்கு முன்னதைப் பயன்படுத்துவதில் இழப்பு குறைவு.

எனவே, விளைவைக் கொண்டு பெயரிடலாம் என்பது என் பரிந்துரை: ‘ஒருவிளைவு மறையாக்கம்’, ‘பல்விளைவு மறையாக்கம்’. ஒன்று என்ற சொல்லைக் கேட்டதும், ‘அப்படியானால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமே’ என்ற எண்ணம் எழும், எழவும் வேண்டும். தமிழ்நாட்டில் ‘சமவாய்ப்பு’, இலங்கையில் ‘எழுமாற்று’ என்ற வேறுபாட்டையும் இதனால் தவிர்க்கலாம்.

‘பிளைண்ட் இண்டெக்ஸ்’ என்பதற்குக் ‘குருட்டு’ என்ற அடைமொழி வேண்டாம், ‘மறைச்சுட்டு’ போதும். தரவைப் பல்விளைவாக மறையாக்கி, தேடுவதற்கென்று ஹெச்மேக் (சாவி கலந்த ஹாஷ்) மதிப்பைத் தனி நெடுவரிசையில் வைக்கும் முறை அது. சாவி கலவாத ஹாஷ் இதற்கு உதவாது. ஆதார் எண்ணின் முதல் இலக்கம் 0, 1 ஆகாது, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்குரியது என்பதால் சாத்தியமான எண்கள் 8,000 கோடிதான், அவை அனைத்தையும் ஹாஷ் செய்து பார்ப்பது இன்றைய கணினிகளுக்குப் பெரிய வேலையன்று. மறைச்சுட்டும் ஒருவிளைவுதான் என்பதால், ஒரே மதிப்பு திரும்ப வருவது வெளித்தெரியும் அதே கசிவு இதிலும் உண்டு. அதன் நீளத்தை வெட்டி, வெவ்வேறு மதிப்புகள் ஒரே சுட்டில் விழும்படி செய்தால் கசிவு குறையும்.

பட்டியலில் விளக்கம் இவ்வாறு அமையலாம்: ‘ஒருவிளைவு மறையாக்கம் – ஒரே சாவியும் ஒரே மதிப்பும் எப்போதும் ஒரே மறையுரையைத் தரும் முறை, சமன்பார்த்துத் தேட இயலும், சில மதிப்புகளே திரும்ப வரும் நெடுவரிசைக்குப் பொருந்தாது.’ மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.