விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளில் பைத்தான் நிறுவ வழி தேவை (இணைய வசதி குறைந்த பாடசாலை)

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே செல்லும் வீதியில் இருக்கும் ஒரு பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். சாதாரண தரத்தில் பஸ்கால் என்ற நிரல்மொழி படித்த பிள்ளைகள் உயர்தரத்தில் பைத்தான் மொழிக்கு மாறுகிறார்கள். இதுவரை நிரலைக் கரும்பலகையில் எழுதி, அதன் வெளியீட்டையும் நானே பக்கத்தில் எழுதிக் காட்டி வந்தேன். இந்தத் தவணையாவது அவர்கள் தாமே தட்டித் தாமே பிழை பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆய்வுகூடத்தில் பத்துக் கணினிகள் உள்ளன. ஆறில் விண்டோஸ் 7, அதுவும் 32 பிட், 2 ஜிபி நினைவகம். மற்ற நான்கிலும் விண்டோஸ் 10. பாடசாலைக்குள் சிக்னல் நிற்பதில்லை. குளக்கட்டில் ஏறினால்தான் தொலைபேசியில் ஏதாவது தரவிறக்கலாம். அப்படித் தரவிறக்கிய புதிய பதிப்பு விண்டோஸ் 7இல் நிறுவ மறுத்துவிட்டது. பிறகு டேட்டாவை மிச்சம் பிடிக்க எண்ணி, 3.8 பதிப்பில் 7 எம்பி அளவுள்ள சிறிய சிப் கோப்பு ஒன்றை எடுத்தேன். அதை விரித்தால் பைத்தான் இயங்குகிறது, ஆனால் ஐடில் என்ற எழுதும் சாளரத்தைக் காணவில்லை. விண்டோஸ் 10 கணினிகளிலோ கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர்தான் திறக்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

பாலைப்பழம் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பெரிதாக எங்கும் தவறவில்லை. கோப்பைத் தெரிவு செய்ததில் மட்டும் சறுக்கியிருக்கிறீர்கள். நானும் இதே வேலையை மூன்று இடங்களில் செய்து கைசுட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸ் 7ஐ ஏற்கும் கடைசிப் பைத்தான் தொடர் 3.8 ஆகும். 3.9இலிருந்து விண்டோஸ் 8.1 அல்லது அதற்குப் பிந்தியது தேவை; 3.13க்கு விண்டோஸ் 10 இருந்தாக வேண்டும். எனவே உங்கள் ஆறு கணினிகளும் பதிப்பைத் தீர்மானித்துவிட்டன. 3.8 தொடரில் விண்டோஸ் நிறுவியோடு வந்த கடைசி வெளியீடு 2021 மே மாதத்தின் 3.8.10, அதற்குப் பின் வந்த 3.8 வெளியீடுகள் மூலநிரலாக மட்டுமே கிடைக்கும் என்பதால் அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் எடுத்த சிறிய சிப் கோப்பு, வேறு மென்பொருள்களுக்குள் பதிப்பதற்கென்று தயாரிக்கப்பட்டது. அதில் ஐடில் இல்லை, மேலதிகப் பொதிகளை நிறுவும் பிப் இல்லை, சாளரங்கள் அமைக்கும் டிகே இன்டரும் இல்லை. பைத்தான் இணையத்தளத்தில் 3.8.10க்குரிய பக்கத்தின் அடியில் இருக்கும் அட்டவணையில், விண்டோஸ் இன்ஸ்டோலர் 32 பிட் என்ற கோப்பை எடுங்கள். ஏறத்தாழ 27 எம்பி வரும். 32 பிட் நிறுவி 64 பிட் விண்டோஸிலும் இயங்கும் ஆகையால், ஒரே கோப்பு பத்துக் கணினிக்கும் போதும்.

குளக்கட்டில் நின்று இறக்கிய கோப்பு பாதியில் அறுந்து போயிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அதே அட்டவணையில் ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் தரப்பட்டிருக்கிறது. விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கருவியைக் கொண்டு உங்களிடம் உள்ள கோப்பின் எண்ணை எடுத்து, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு பழுதுதான்.

விண்டோஸ் 7இல் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சேர்விஸ் பக் 1 என்ற இற்றைப்படுத்தல் தொகுப்பு இல்லாவிட்டால் நிறுவி ஆரம்பத்திலேயே நின்றுவிடும். அது இருந்தாலும் கேபி 2533623 என்ற இற்றைப்படுத்தலைக் கேட்கக்கூடும். அந்த எண்ணைத் தேடிப் போனால் மைக்ரோசொப்ட் தளத்தில் இப்போது கிடைப்பதில்லை. அதன் இடத்துக்கு வந்த கேபி 3063858ஐ எடுத்தால் வேலை முடியும். நிறுவி முடித்தபின் பெயரில் 'சிஆர்டி ரன்டைம்' என்று வரும் ஒரு டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று பிழை வந்தால் கேபி 2999226ஐயும் போடுங்கள். இரண்டிலும் 32 பிட்டுக்குரியதைப் பார்த்து எடுக்க வேண்டும். இதில்தான் எனக்கு ஒரு முழுநாள் போனது.

நிறுவும்போது முதல் திரையின் அடியில், பாத்தில் (கட்டளைச் சாளரம் நிரல்களைத் தேடும் உறைகளின் பட்டியலில்) சேர்க்கவா என்று கேட்கும் சிறிய பெட்டி இருக்கும். அது தானாகத் தெரிவு செய்யப்பட்டிருக்காது, நீங்கள்தான் சரியிட வேண்டும். பின்னர் விரும்பியவாறு நிறுவும் வழியில் சென்று, எல்லாப் பயனர்களுக்கும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போது பைத்தான் புரோகிராம் ஃபைல்ஸ் உறைக்குள் போகும். மாணவர் கணக்கிலிருந்து யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது. பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கும் கணினிகளுக்கு இதுவே பாதுகாப்பு, ஏனெனில் தனிப் பயனருக்கென்று நிறுவினால் உறையின் பாதையிலும் தமிழெழுத்து வந்துவிடும், சில கருவிகள் அதில் தடுமாறும். முடிந்ததும் ஏற்கெனவே திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறவுங்கள். பழைய சாளரத்துக்குப் புதிய பாத் தெரியாது.

பம்பைமடு மாணவன் எழுதியது:

வணக்கம் ரீச்சர். அண்ணா சொன்னவற்றோடு விண்டோஸ் 10 பற்றி மட்டும் சேர்க்கிறேன். அங்கே பைத்தான் என்று தட்டும்போது ஸ்டோர் திறப்பது வைரஸ் அல்ல. விண்டோஸே பைத்தான் என்ற பெயரில் பூச்சிய அளவுள்ள ஒரு போலிக் கோப்பை வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குள் அப் எக்சிகியூஷன் அலியஸஸ் என்ற பக்கத்துக்குச் சென்று, பைத்தான், பைத்தான்3 இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிறகு கட்டளைச் சாளரத்தில் வேர் என்று தட்டி, இடைவெளி விட்டுப் பைத்தான் என்று எழுதினால் எந்த உறையிலுள்ள பைத்தான் முதலில் அழைக்கப்படுகிறது என்று தெரியும். எதையும் திரும்ப நிறுவுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

தரவுத்தளப் பாடத்துக்கு எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் பைத்தானோடு கூடவே வருகிறது. மைஎஸ்கியூஎல் வேண்டுமென்றால் பைமைஎஸ்கியூஎல் என்ற பொதியைப் பயன்படுத்துங்கள். அது முழுவதும் பைத்தானிலேயே எழுதப்பட்டதால் 32 பிட், 64 பிட் சிக்கல் இல்லை. இணையம் உள்ள ஓர் இடத்தில் பிப் டவுன்லோட் கட்டளையால், பைத்தான் பதிப்பு 38 என்றும் பைனரி மட்டும் என்றும் குறிப்பிட்டு, பொதிகளை ஓர் உறையில் சேமித்துப் பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். பாடசாலையில் பிப் இன்ஸ்டோலை நோ இன்டெக்ஸ், ஃபைன்ட் லிங்க்ஸ் ஆகிய தெரிவுகளோடு ஓட்டினால், அது இணையத்தைத் தேடாமல் அந்த உறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கட்டளைச் சாளரத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க மறக்க வேண்டாம். இல்லையேல் பொதி உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவப்பட்டு, பிள்ளைகளின் கணக்கில் காணாமல் இருக்கும். வவுனியாப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், எல்லாவற்றையும் நானே பென்டிரைவில் இட்டுத் தருகிறேன்.

மாங்குளம் சந்தி எழுதியது:

3.8 தொடருக்கான ஆதரவு 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 7க்கோ அதற்கும் முன்பே. செத்த பாம்பை ஏன் அடிக்க வேண்டும்? அந்த ஆறிலும் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பைப் போட்டால் பைத்தான் 3.11 கூடவே வரும். 2 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல் தாராளம்.

பாலைப்பழம் எழுதியது:

தம்பி, உங்கள் யோசனையை நான் மறுக்கவில்லை. என் வீட்டுக் கணினியிலும் டெபியன்தான். ஆனால் அதில் ஐடிலையும் டிகே இன்டரையும் தனியாக நிறுவ வேண்டும், டெபியன் 12இல் பிப்பும் மெய்நிகர் சூழல் (பொதிகளுக்கென்று ஒதுக்கும் தனி உறை) இல்லாமல் பொதி நிறுவ மறுக்கும். இணையம் இல்லாத இடத்தில் இவ்வளவையும் ஓர் ஆசிரியர் தனியே சமாளிப்பது எளிதல்ல. இணையத்தோடு தொடுக்கப்படாத ஆய்வுகூடத்தில், உயர்தரப் பாடத்தின் அளவுக்கு 3.8இல் குறையொன்றும் இராது. பத்துக் கணினியிலும் ஒரே பதிப்பு, ஒரே பிழைச் செய்தி என்பது வகுப்பு நடத்துபவருக்குப் பெரிய ஆறுதல்.

ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதலில் எடுத்த நிறுவியின் எம்டி5 எண் பொருந்தவில்லை. இரண்டாவது முறை பொருந்தியது. விண்டோஸ் 7 கணினிகளில் நான்குக்கு 3063858 தேவைப்பட்டது. இன்று ஒன்பது கணினிகளில் ஐடில் திறக்கிறது. ஒரு பிள்ளை, ஆமையை நகர்த்திப் படம் வரையும் டேர்ட்டில் நூலகத்தைப் பயன்படுத்தும் தன் நிரலையும் அதே பெயரிலேயே சேமித்துவிட்டு, ஆமை வரவில்லை என்று அரைமணி நேரம் போராடினாள். தன் கோப்பையே பைத்தான் நூலகமாக எடுத்துக்கொண்டது என்று கண்டுபிடித்ததும் அவளேதான்.

பத்தாவது கணினியில் டொங்கிளைச் செருகினால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வந்தது. பார்த்தால் அதன் திகதி 2009 ஜனவரி 1 என்று நிற்கிறது. தாய்ப்பலகையில் திகதியைக் காக்கும் சிஆர் 2032 பற்றரி தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை புதுக்குடியிருப்புக்குப் போகும்போது ஒன்று வாங்கி வருவேன். அதுவரை பென்டிரைவிலிருந்தே நிறுவிவிட்டேன், அதற்குத் திகதி தடையாக இருக்கவில்லை.